கோலப்பொடியாரின் எழுபத்திரண்டு வீடுகள்

கோயமுத்தூரில் இல்லாத சுவரில் மோதிக்கொண்டு நெற்றியைத் தடவிய ஒரே மனிதர் எங்கள் கோலப்பொடியார்தான். மூன்று முறை என் கண்ணாலேயே பார்த்தேன். மூன்றாம் முறை அவர் அந்தச் சுவரிடம் "மன்னிச்சுக்கோங்க" என்றும் சொன்னார்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. காலையில் கையெழுத்துப் போடும் நேரம் தவிர அது யாருக்கும் பயன்படவில்லை. குடிசைவாழ் மக்களுக்கு வீடு கட்டித்தரும் ஓர் அலுவலகத்தில் அவர் உதவிப் பொறியாளர். நான் அங்கே வரைவாளன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் வேலையைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், வீடுகளை நாங்கள் வரையவில்லை. அவை மெட்ராஸிலேயே வரையப்பட்டு மாதிரி வரைபடமாக எங்களுக்கு வரும். மூலையில் ஊர்ப் பெயரை மாற்றி எழுதுவோம். பிறகு வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுவோம். வடக்கைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் கோயமுத்தூருக்கு வழங்கப்பட்டிருந்தது.

கோலப்பொடியாருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அரைக்கைச் சட்டை, கக்கத்தில் குடை, பாக்கெட்டில் அளவு நாடா. யாரிடமும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். அலுவலக வாசலில் படுத்திருந்த நாயைக்கூட "கொஞ்சம் நவுந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார். அது நகர்ந்துகொள்ளும்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை.

"காயிதத்துல பாத்தா எல்லா ஊடும் பெருசாத்தானுங்க இருக்கும். படுத்துப் பாத்தாத்தானுங்க தெரியும்."

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நாங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, தரை முழுவதும் வெள்ளைக் கோடுகள். மாதிரி வரைபடத்தில் இருந்த வீட்டை அவர் கோலப்பொடியால் முழு அளவில் வரைந்து வைத்திருந்தார். சிறிது நேரத்தில் செயற்பொறியாளர் வந்தார். அவரை எல்லோரும் ஈ.ஈ. என்றுதான் சொல்வோம்.

"என்னய்யா இது?"

"ஊடுங்க."

"யார் வீடு?"

"நாம போடற ஊடுதானுங்க. இருநூத்தி இருவது சதுரடி. நீங்க இப்ப அடுப்பு மேல நிக்கறீங்க."

ஈ.ஈ. ஓரடி தள்ளி நின்றார்.

"என் மேசை எங்கய்யா?"

"கக்கூசுல இருக்குதுங்க. நாலு காலும் உள்ள அடங்கீருச்சுங்க. ஆனா நீங்க குந்துனீங்கன்னா கதவச் சாத்த முடியாதுங்க. அதத்தான் நான் மூணு மாசமா எழுதீட்டிருக்கறனுங்க."

அந்தக் கோடுகளை அழிக்கச் சொல்லி ஈ.ஈ. உத்தரவிட்டார். கூட்டிப் பெருக்கும் அம்மாள் மறுத்துவிட்டார். கோலத்தைப் போட்டதும் போடாததுமாக யாராவது அழிப்பார்களா என்று கேட்டார். மூன்று வாரம் அது அப்படியே இருந்தது. முதல் இரண்டு நாள் எல்லோரும் சுவர்களைத் தாண்டி நடந்தோம். ஒவ்வொரு தடவையும் கோலப்பொடியார் தலை நிமிராமலே "செவுருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளிலிருந்து தட்டச்சர் சமையலறை வழியாகச் சுற்றித் தன் இயந்திரத்துக்குப் போனார். இரண்டாம் வாரம் நானும் வாசல் வழியாகவே உள்ளே போய் வந்துகொண்டிருந்தேன். ஈ.ஈ. கழிவறையில் உட்கார்ந்து கோப்பு பார்த்தார். கதவைச் சாத்த முடியவில்லை என்பதை அவரும் கவனித்திருக்க வேண்டும். அந்த மாதம் மாதிரி வரைபடத்தில் கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றப்பட்டது.

பெயர் அப்படித்தான் வந்தது. முதலில் அவர் பயன்படுத்தியது அரிசி மாவு. ஒரு ராத்திரியில் எறும்புகள் கிழக்குச் சுவரைக் கொண்டுபோய்விட்டன. 'கிழக்குச் சுவர் எறும்புகளால் அகற்றப்பட்டது' என்று அவர் கோப்பில் குறிப்பெழுதினார். ஈ.ஈ. அதன் கீழே பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதற்குப் பிறகுதான் எறும்பு தொடாத கல்மாவு. டவுன்ஹால் பக்கத்துக் கடையில் மூட்டையாகக் கேட்டபோது, படியளவில் வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்குளுக்கு எத்தன பொண்ணுங்க?"

"பொண்ணு ஒண்ணுதானுங்க. ஊடு எழுவத்தி ரெண்டுங்க."

அந்த அம்மாள் பொடி வாங்காமலே கடையை விட்டுப் போனார்.

அவர் சொன்ன எழுபத்திரண்டு உண்மையான கணக்கு. ஒரு பழைய பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் இருபது சென்ட் நிலத்தில் எழுபத்திரண்டு குடிசைகள் இருந்தன. மில்லுக்குப் போகிறவர்கள், லோடு இறக்குகிறவர்கள், கிரைண்டர் பட்டறையில் கல் கொத்துகிறவர்கள். அவர்களை அதே இடத்தில் மாடி வீடுகளில் குடிவைப்பது எங்கள் திட்டம். மெட்ராஸ் வரைபடம் நான்கு தளம் என்றது. தளத்துக்குப் பதினெட்டு வீடு, ஆக எழுபத்திரண்டு. கணக்கு சுத்தமாக இருந்தது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் தெருக்குழாயில் வருகிறது. குடத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏற முடியாது என்றார்கள். இரண்டு மாடி ஏறலாம், அதற்கு மேல் உங்கள் பெரிய அதிகாரி வந்து ஏறிக் காட்டட்டும் என்றார்கள்.

மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. சரி, மூன்று தளம். அப்படியானால் ஐம்பத்து நாலு வீடு. மீதிப் பதினெட்டுக் குடும்பங்களுக்குத் துடியலூரைத் தாண்டி ஒரு நிலத்தில் இடம் தரப்படும். யார் அந்தப் பதினெட்டு? குடிசை எண் வரிசைப்படி, ஐம்பத்தைந்து முதல் எழுபத்திரண்டு வரை.

ஐம்பத்தைந்தாம் எண் மாராத்தாளுடையது. விடியற்காலை மில் வாசலில், முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குப் பணியாரம் விற்று நான்கு பேரைக் காப்பாற்றியவர். துடியலூருக்கு அப்பால் குடிபோனால் அங்கிருந்து முதல் பஸ் வந்துசேர்வதற்குள் மில்லில் சங்கு ஊதிவிடும். ஐம்பத்து நாலாம் எண் பாப்பாத்தியுடையது. இருவரும் பதினொரு வருடமாகச் சண்டைக்காரர்கள். காரணம் அடுப்புப் புகை என்று ஒருவர் சொன்னார். சேவல் என்று மற்றவர் சொன்னார்.

கோலப்பொடியாரும் நானும் அளவெடுக்கப் போன அன்று மாராத்தாள் எங்களை வழிமறித்தார்.

"ஏனுங் சாமி, அம்பத்தி நாலுக்கும் அம்பத்தி அஞ்சுக்கும் நடுவுல என்னுங்க இருக்குது?"

கோலப்பொடியார் குனிந்து பார்த்தார். "ஒரு தகரமுங்க."

"அந்தத் தகரத்துக்கு அக்கட்ட இருக்கறவ இங்கயே இருந்துக்கலாம். இக்கட்ட இருக்கற நான் மூட்டையத் தூக்கீட்டுத் துடியலூருக்குப் போகோணும். அப்படித்தானுங்களே?"

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பாப்பாத்தியின் குரல் வந்தது. "போறவ அந்தச் சேவலயும் கூட்டீட்டுப் போவச் சொல்லுங்க சாமி!"

கோலப்பொடியார் நாடாவால் அந்தத் தகரத்தின் கனத்தை அளந்து குறித்துக்கொண்டார். திரும்பும் வழியில் எட்டு மூட்டை கல்மாவு சொல்லிவிட்டு வந்தார்.

தலைமைப் பொறியாளர் மெட்ராஸிலிருந்து வந்து வரைபடத்தில் கையெழுத்துப் போட மூன்று வாரம் இருந்தது. அதற்குள் மூன்றே தளத்தில் எழுபத்திரண்டையும் அடக்கிக் காட்டுகிறேன் என்று கோலப்பொடியார் ஈ.ஈ.யிடம் சொன்னார். அடங்காது என்று நான் சொன்னேன். அந்த வரைபடத்தைப் பிரதி எடுத்தவன் நான், எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். ஈ.ஈ. இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அடங்கினா எழுதிக் கொண்டாங்க. எறும்பு கதை வேண்டாம்" என்றார்.

பஞ்சுக் கிடங்கின் முன்னால் லாரிகள் நின்ற காலத்துச் சிமெண்டுக் களம் ஒன்று காலியாகக் கிடந்தது. அங்கே முதலில் மெட்ராஸ் வரைபடத்தை அப்படியே போட்டார். ஒரு தளம், பதினெட்டு வீடு, அவற்றின் முன்னால் நீளமாக ஒரு நடை. எண் வரிசை பார்க்காமல் பதினெட்டுப் பதினெட்டுக் குடும்பமாகக் கூப்பிட்டு, காலை முதல் மாலை வரை ஒவ்வொரு நாள் குடியிருக்கச் சொன்னார். கட்டில், டிரம், குடம், சைக்கிள், கோழிக்கூடை எல்லாம் கொண்டுவர வேண்டும். விதிகள் மூன்று. வாசல் வழியாகத்தான் போக வர வேண்டும். சுவரில் சாய்ந்து உட்காரக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்க்கக் கூடாது.

"ஏன் சாமி பாக்கக் கூடாது?"

"செவுத்துக்கு அக்கட்ட ஆள் தெரியாதுங்களே, அம்மணி."

"அவ மூஞ்சியப் பாக்காம இருக்கறதுக்கு ஒரு வழி இருக்குதுன்னா, இத்தன வருசமா எங்கீங்க சாமி போயிருந்தீங்க?" என்றார் பாப்பாத்தி. மாராத்தாள் அந்தப் பக்கமே பார்க்காமல், விதியை மீறாமல், தரையில் துப்பினார்.

மூன்று நாளில் அந்தக் களத்தில் ஒரு வீதிக்குரிய எல்லாம் நடந்தன. தப்பிப்போன தன் கோழியைப் பிடிக்க ஒரு லோடுமேன் அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டி ஓடினார். அந்த வீட்டுக்காரி "திருடன், திருடன்" என்று கத்தினாள். நாலு பேர் அவரைப் பிடித்து, வாசல் வழியாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு மூதாட்டி தன் வீட்டுக்கு ஜன்னல் இல்லையென்று புகார் சொன்னார். கோலப்பொடியார் மன்னிப்புக் கேட்டு இரண்டடி கோட்டைக் காலால் அழித்தார். மூதாட்டி உள்ளே போய் உட்கார்ந்து, "இப்பத்தான் காத்து வருது" என்றார். ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று களம் முழுவதும் ஒரே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

மாராத்தாளுக்கும் பாப்பாத்திக்கும் நடுவிலிருந்த சுவர் காலையில் நாலங்குலம் வடக்கே இருந்தது. சாயங்காலம் நாலங்குலம் தெற்கே இருந்தது. கோலப்பொடியார் நாடா பிடித்து அளந்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"எழுதிக்கோங்க. இந்தச் செவுரு நடக்குதுங்க."

இரண்டு பெண்களும் முதுகுக்குப் பின்னால் சீமாற்றை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான்காம் நாள் மாலை எல்லோரும் போன பிறகு அவர் களத்தில் குந்தி உட்கார்ந்து கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். வீட்டு வாசல்களில் பொடி மிதிபட்டுக் கலைந்திருந்தது. வீடுகளுக்கு முன்னால் ஓடிய நீள நடையில் அது போட்டது போட்டபடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாத்தீங்களா? இத்தன சனம் பொழங்கீருக்குது. இந்த நடைல நீளவாக்குல ஒருத்தருங்கூட நடக்கலீங்க. நேரா ஊட்டுக்குள்ள போறாங்க, நேரா வெளிய வர்றாங்க. பொறவு எதுக்குங்க இந்த நடை?"

எனக்கும் சரியென்று பட்டது. அன்றிரவே கணக்குப் போட்டேன். நடையை எடுத்துவிட்டு, நாலு நாலு வீடாகச் சேர்த்து, நடுவில் நாலடி சந்து விட்டால் ஆறு கட்டடம் வரும். தளத்துக்கு இருபத்து நாலு வீடு. மூன்று தளம். எழுபத்திரண்டு. ஒரு அங்குலம் மிச்சம் இல்லை. நான்கு முறை சரிபார்த்தேன். காற்று மேற்கிலிருந்து வந்து சந்து வழியாக எல்லா வீட்டுக்கும் புகுந்து போகும்படி கட்டடங்களைத் திருப்பியும் வைத்தேன். வடக்கு அம்புக்குறிக்கு முதல் தடவையாக ஒரு பயன் கிடைத்தது. ஈ.ஈ. வரைபடத்தை அரைமணி நேரம் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து கோலப்பொடியாருக்குக் கை கொடுத்தார். பச்சை மையில் கையொப்பமிட்டார்.

கோலப்பொடியார் புதிய வரைபடத்தைக் களத்தில் போட்டார். எட்டு நாள் முறை வைத்து எழுபத்திரண்டு குடும்பங்களும் அதில் இருந்து பார்த்தார்கள். குறை சொல்ல ஆளில்லை. சந்து எல்லோருக்கும் பிடித்துப்போனது. பழமை பேசுவதற்கென்றே யாரோ யோசித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஐம்பத்து நாலும் ஐம்பத்தைந்தும் சந்துக்கு எதிரெதிர்ப் பக்கம் வந்திருந்தன. சண்டைக்கு வசதியாக வாசலுக்கு வாசல் நேராக இருக்கிறது என்று பாப்பாத்தியே ஒப்புக்கொண்டார். மாராத்தாள் ஒரு நல்ல நாள் பார்த்து அந்தக் கோடுகளுக்குள் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார். எங்கள் இருவருக்கும் ஒரு டம்ளர் தந்தார். வாசல் வழியாகப் போய் வாங்கிக்கொண்டோம்.

தலைமைப் பொறியாளர் ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். உயரமான மனிதர். பளபளக்கும் பூட்ஸ். சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று ஈ.ஈ. முன்கூட்டியே எச்சரித்திருந்தார். இருபத்து நாலு வீட்டிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் களத்தைச் சுற்றி நின்றார்கள். அவர் காரை விட்டு இறங்கி நேராக மாராத்தாள் வீட்டை நோக்கி நடந்தார்.

"ஐயா, அது செவுருங்க."

அவர் நின்றார். "எது?"

"உங்க வலது காலு உள்ள இருக்குதுங்க. எடது காலு வெளிய இருக்குதுங்க. நடுவுல செவுரு போகுதுங்க."

ஈ.ஈ. கண்ணை மூடிக்கொண்டார்.

தலைமைப் பொறியாளர் கீழே பார்த்தார். கோலப்பொடியாரைப் பார்த்தார். பிறகு வலது காலை வெளியே எடுத்து, கோட்டை ஒட்டிச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் போய், வாசல் முன்னால் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். அதைச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்தார். மாராத்தாள் தட்டில் பணியாரம் வைத்தார். இரண்டு சாப்பிட்டார். டிரம் எங்கே நிற்கும் என்று கேட்டார். அடுப்பிலிருந்து கதவு எத்தனை அடி என்று கேட்டார். மழை சாரல் அடித்தால் என்ன என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மாராத்தாளே பதில் சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். "நல்லா இருக்கு" என்று இரண்டு முறை சொன்னார். ஈ.ஈ. கண்ணைத் திறந்தார்.

"சரி. மாடிக்கு எப்படிப் போறது?"

கோலப்பொடியார் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். ஈ.ஈ. தன் கையொப்பத்தைப் பார்த்தார்.

வரைபடத்தில் படிக்கட்டு இல்லை. எங்குமே இல்லை. மெட்ராஸ் வரைபடத்தில் நடையின் கோடியில் இருந்ததை நடையோடு சேர்த்தே எடுத்துவிட்டிருந்தோம். எட்டு நாள் எழுபத்திரண்டு குடும்பம் முறை போட்டுக் குடியிருந்தும் ஒருவருக்கும் படிக்கட்டு தேவைப்படவில்லை. எல்லோரும் தரையில்தான் இருந்தார்கள். நீள நடையில் யாரும் நடக்காததற்கும் அதுதான் காரணம். நடை மாடியில் இருப்பவர்களுக்கானது. மாடியில் யாரும் இல்லை, ஏனென்றால் மாடி இல்லை. இருபது வருட அனுபவமுள்ள ஒரு பொறியாளர், நான்கு முறை சரிபார்த்த ஒரு வரைவாளன், பச்சை மை வைத்திருந்த ஒரு செயற்பொறியாளர். மூவரும் சேர்ந்து மூன்று தளக் கட்டடம் வரைந்து, ஏறுவதற்கு வழி வைக்காமல் விட்டிருந்தோம்.

தலைமைப் பொறியாளர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "கட்டடத்துக்கு, தளத்துக்கு ஒரு வீட்டை எடுத்துட்டுப் படி வைங்க. ஆறு கட்டடம், மூணு தளம்..."

"பதினெட்டுங்க" என்றார் கோலப்பொடியார்.

"அப்ப மறுபடி ஐம்பத்து நாலு."

மாராத்தாளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறவில்லை. "இன்னொரு பணியாரம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டார். அவர் வேண்டாம் என்றார்.

கோலப்பொடியார் அதற்குள் சந்தில் மண்டியிட்டு நாடாவை விரித்திருந்தார். நாலடி. படிக்கட்டுக்கு ஏழடி வேண்டும். அவர் மறுபடி அளந்தார். மறுபடியும் நாலடிதான் இருந்தது.

"மூணடிங்கய்யா. இந்தப் பக்கத்து ஊடு ஒண்ணரை, அந்தப் பக்கத்து ஊடு ஒண்ணரை குடுத்தா இந்தச் சந்துலயே படி ஏறீருமுங்க. நாலு ஊட்டு வாசலும் படியிலயே தெறக்குமுங்க."

"எல்லா வீடும் ஒன்றரை அடி சுருங்கும். ஐம்பத்து நாலு குடும்பத்துக்கு முழு அளவு வீடு உறுதியா இருக்கு. அவங்க எதுக்குக் குறைச்சுக்கணும்? எந்த முகத்தோட போய் நான் கேட்கிறது?"

நியாயமான கேள்வி. கோலப்பொடியார் நாடாவைச் சுருட்டவும் தோன்றாமல் மண்டியிட்டபடியே இருந்தார். மாராத்தாள் யாரையும் பார்க்கவில்லை. தட்டைக் கழுவப்போகிற மாதிரி எடுத்துக்கொண்டு, எங்கும் போகாமல் நின்றார்.

எதிர் வீட்டில் பாப்பாத்தி எழுந்தார். சீமாற்றை எடுத்தார். வாசலுக்கு வந்தார்.

"சாமி, ஒண்ணரையடின்னா இம்புட்டுங்களா?"

"இன்னுங் கொஞ்சம் உள்ளீங்க, அம்மணி."

"இம்புட்டா?"

"இன்னொரு ரெண்டங்குலமுங்க."

பாப்பாத்தி தன் வீட்டுச் சந்துப்பக்கத்துச் சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கூட்டித் தள்ளினார். நாலங்குலத்துக்காகப் போன வாரத்துக்கு முந்தின வாரம் பொழுது விடியுமுன் களத்துக்கு வந்தவர். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு எரிச்சலாகிவிட்டது.

"என்னத்தப் பாக்கறீங்க? இவ துடியலூருக்குப் போயிட்டா, நான் காத்தால எந்திரிச்சு ஆருகூடச் சண்ட போடறது? பஸ்ஸேறிப் போயா போட்டுட்டு வர முடியும்? சீமாறு இல்லாத ஊடா உங்குளுது?"

மாராத்தாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் சீமாற்றை எடுத்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாகப் பாப்பாத்தி சொன்னபடி, தன் பக்கத்துச் சுவரை ஒன்றரை அடி உள்ளே தள்ளினார். அடுத்து லோடுமேன் வீடு. அடுத்து ஜன்னல் கேட்ட மூதாட்டி. ஒரு பெரியவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எம்பட கட்டலு ஆறடிங்க. எங்க போடறது?"

"குறுக்க போடுங்க மாமா," என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது.

"குறுக்க போட்டா காலு தெக்க வருமே."

"தலய மாத்தி வெச்சுப் படுங்க!"

அவர் யோசித்தார். தலைமைப் பொறியாளரிடம் திரும்பினார். "ஒண்ணரையடி குடுத்துட்டா மேல அட்டாலி ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா? சாமானம் வெக்கோணுமுங்க."

தலைமைப் பொறியாளர் ஈ.ஈ.யைப் பார்த்தார். ஈ.ஈ. யோசிக்காமல் தலையாட்டினார்.

"உண்டு. எல்லா வீட்டுக்கும்."

பெரியவர் மருமகளிடம் கையை நீட்டிச் சீமாற்றைக் கேட்டார். பன்னிரண்டு இருபதுக்கு இருபத்து நாலு வீடுகளின் சுவர்களும் ஒன்றரை அடி உள்ளே நகர்ந்து முடிந்தன. ஆனிக் காற்றில் எட்டு மூட்டைக் கல்மாவும் எழும்பி, தலைமைப் பொறியாளர் தலை முதல் கால்வரை வெள்ளையாக நின்றார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். பூட்ஸை மாட்டிக்கொண்டு, கோடுகள் எதுவும் மிச்சமில்லாத களத்தில், வாசல் இருந்த இடத்தின் வழியாகவே வெளியே போனார்.

கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனது. அதற்குள் கோலப்பொடியார் ஓய்வு பெற்றுப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார். குடிபுகும் நாளன்று பஸ் பிடித்து வந்தார். மாராத்தாளின் வீடு இரண்டாம் மாடி. மேலே அழைத்துப்போக நான் கீழே காத்திருந்தேன். அவர் பன்னிரண்டு படி ஏறி, திரும்புகிற இடத்தில் குந்திவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

குடங்கள் வரத் தொடங்கின. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாகப் பெண்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். சைக்கிள்களும் கட்டில்களும் போயின. ஒரு கோழிக்கூடையும் போனது. பாப்பாத்தி டிரம்மோடு வந்து நின்றார்.

"ஏனுங் சாமி, வழீல குந்தீட்டீங்க. கொஞ்சம் நவுந்துக்கோங்க."

"நவுந்துக்கறனுங்க," என்று சொல்லி அவர் சுவரோரம் ஒண்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மேலே போகலாமா சார்? மாராத்தாள் பால் காய்ச்சிட்டுக் காத்திட்டிருக்காங்க," என்றேன்.

"போலாமுங்க. இருங்க. அல்லாரும் ஏறுறதப் பாத்துக்கறனுங்க."

நான் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். சந்துக் காற்று இருவர் மேலும் அடித்தது. ஒவ்வொருவரும் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார். அலுவலகத்துக்கு நான் இரண்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. முப்பத்தோரு வருடப் பணியில் நான் எடுத்த எல்லா விடுப்புக்கும் காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அரை நாளுக்கு மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.